ஒட்டடைக்குச்சி ஏறிய தலைக்கவசம்

அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஃபைலை எடுக்க நாற்காலி தேடச் சோம்பல்பட்டு, கைக்கு அகப்பட்ட தலைக்கவசத்தைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றார் குமாஸ்தா. ‘படக்’ என்றது. இறங்கிப் பார்த்தால் நெற்றியிலிருந்து பிடரி வரை விரிசல். அதில் தொங்கிய அரக்கு முத்திரைக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

அவர் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அலுவலகத்தில் பட்டப்பெயர் ஒட்டடைக்குச்சி. அவர் உள்ளே வந்தால் பறந்துவிடப் போகிறார் என்று மின்விசிறியைக் குறைப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆளுக்கே தாங்காதது ராணுவக் கொள்முதல் துறை முத்திரையிட்டு அனுப்பிய மாதிரிக் கவசம். கம்பெனி அனுப்பியிருக்கும் நாற்பதாயிரமும் இதைப் போலவே இருக்கின்றன என்று எட்டுப் பேர் கையெழுத்திட வேண்டும். ஏழு விழுந்தாயிற்று. எட்டாவது இவருடையது. அந்த நாற்பதாயிரத்தில் ஒன்று, எல்லையில் காவல் நிற்கும் இவர் மச்சான் தலைக்குப் போகும்.

கண்காணிப்பாளர் அம்மா ஓடி வந்தாள். “ஐயையோ அண்ணே! ரிட்டயர் ஆக எட்டு மாசம் வச்சுக்கிட்டு இதென்ன சர்க்கஸ்? எலி கடிச்சதுன்னு எழுதிடலாம்.”

“குண்டு துளைக்காத ஹெல்மெட்டை எலி கடிச்சுதுன்னா எழுதுறது மேடம்?”

அவர் எழுதியது ஒரே வரி: ‘நான் ஏறி நின்றேன், உடைந்தது.’ முப்பது வருடமாகப் ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘ஆவன செய்யப்பட்டது’ என்று யாருமே செய்யாத வேலைகளை எழுதிப் பழகிய பேனா, ‘நான்’ என்ற இடத்தில் கொஞ்சம் திக்கியது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். குமாஸ்தா, வந்திறங்கிய சரக்கிலிருந்து புதுக் கவசம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

“நீ உடைக்கலைய்யா. கை தவறி விழுந்துச்சு.”

“கை இல்ல சார், கால்.”

“அரசாங்கச் சொத்தை நாசம் பண்ணேன்னு நீயே எழுதிக் குடுத்தா சஸ்பெண்ட் ஆவே. பென்ஷன் நிக்கும்.”

“நிக்கட்டும் சார். நான் நின்னதுதான் தாங்கல.”

இயக்குநர் குரலைத் தணித்தார். “மூணு வருஷம்யா. டெண்டர், பாலைவனத்துல சோதனை, பனியில சோதனை, எல்லாம் பாஸ். இப்ப நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து. அதுவரைக்கும் பசங்க பழைய ஹெல்மெட்டோட நிக்கணும். அந்தப் பாவம் யாருக்கு?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. மச்சானின் பழைய கவசம், நசுங்கிய வாளி மாதிரி இருக்கும். குமாஸ்தா அக்குளிலிருந்த புதுக் கவசத்தைப் பார்த்தார்.

“போன லீவுல பந்தயம் கட்டி அந்தப் பழைய ஹெல்மெட் மேல நானும் எல்லையில நிக்கிற என் மச்சானும் சேர்ந்தே ஏறினோம் சார். அசையல.”

“எதிரி என்ன, தலைமேல ஏறியா நிக்கப்போறான்?”

“என்னைவிட மெதுவாவா அடிப்பான்?”

“இதோ பாரு, சரக்கு மாதிரியைப் போல இருக்கா இல்லையா, அவ்வளவுதான் உன் வேலை!”

“அதையே பாத்துடுவோம்.”

புதுக் கவசத்தைக் கம்பளத்தில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். ஏறினார். படக்.

“அச்சு அசலா இருக்கு சார்.”

வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அம்மா, சிரிப்போ பயமோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கையெழுத்துப் போட மாட்டேன். சஸ்பெண்ட் ஆர்டரை இப்பவே அடிங்க, வாங்கிட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க பையன் நாளைக்கு எல்லைக்குப் போறான்னா, இதைத் தலையில வச்சு அனுப்புவீங்களா?”

“அதெல்லாம் குழு கூடி…”

“குழுவுக்குப் பிள்ளை இல்ல சார்.”

இயக்குநர் குனிந்து கவசத்தை எடுத்தார். விரிசலில் விரலை ஓட்டினார். மேசையில் விரிந்து கிடந்த தாளில் ஏழு கையெழுத்துகள், முதலாவது அவருடையது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அனுப்ப மாட்டேன்யா” என்றார்.