வலது மணிக்கட்டில் ஒரு மூளை

விலங்கியல் துறையில் பூச்சி மூளைகளைச் சீவுகிறவளுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், வலது மணிக்கட்டில் இன்னொரு மூளை முளைத்தது. கடுகளவுதான். வலி இல்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், ஆரோக்கியமாக இருக்கிறது, கையை நனைக்கலாம் என்றார்.

துறையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கரப்பான்பூச்சிக்குத் தலையில் இருப்பது மட்டும் மூளை இல்லை என்பது அங்கே பியூனுக்குக்கூடத் தெரியும். வயிற்றோரமாக ஒரு நரம்புக் கயிறு ஓடும்; அதில் முடிச்சு முடிச்சாகச் சின்ன மூளைகள். தலை போன பிறகும் கால்கள் தங்கள் பாட்டுக்கு நடக்கும். பத்தொன்பது வருஷம் அதையெல்லாம் சீவியவளுக்கு இதுகூடத் தொற்றாவிட்டால் எப்படி? தேனீயின் தலையைத் திறந்து, எள்ளளவு மூளையை எடுத்து, மெழுகில் பதித்து, தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவாள். சீவல்கள் நாடாவாக வரும். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, தூரிகையால் கண்ணாடியில் ஏற்றுவாள். நடுவில் ஒன்று கிழிந்தாலும் அந்த மூளை வீண். அவளிடம் ஒன்றுகூடக் கிழிந்ததில்லை என்பதைப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சீவல்களைப் பார்த்துப் பேராசிரியர் தேனீ மூளைக்கு ஒரு வரைபடப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷ வேலை, கடைசி மூளை ஒன்றுதான் பாக்கி. அச்சகத்திலிருந்து வந்த முதல் பக்கத்தை அவளிடம் காட்டினார். அவர் பெயர் இருந்தது. அச்சகத்தின் பெயர்கூட இருந்தது. “ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள். மனசில் ஏதோ சுருக்கென்றது, வழக்கம்போல விழுங்கிக்கொண்டாள். கை விழுங்கவில்லை. சீவும் யந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்தது, சுற்ற மறுத்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்க சார், நான் சுத்தத்தான் பாக்கறேன், அது கேக்க மாட்டேங்குது.”

இடது கையால் முயன்றாள். வலது கை போய் அதைப் பிடித்துக்கொண்டது. பேராசிரியர் தானே உட்கார்ந்து ஒரு பழைய மூளையில் பழகிப் பார்த்தார். ரவை ரவையாக உதிர்ந்தது. கையிடம் நயமாகப் பேசினார், அதட்டினார். “அதுக்கு என்னதாம்மா வேணும்?” என்று கடைசியில் அவளிடமே கேட்டார். “எனக்கே தெரியலை சார்” என்றாள்.

வீட்டில் கை ஒரு குறையும் வைக்கவில்லை. வெங்காயம் நறுக்கியது, பட்டன் தைத்தது. மூன்று நாள் அவள் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் காலை நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய், அவர் சொல்லும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என் பேரு வேணும் சார். கைக்கு அன்னிக்கே புரிஞ்சிடுச்சு. என் மண்டையில ஏறத்தான் நாலு நாளாச்சு.”

பேராசிரியர் கெட்டவர் இல்லை, கவனிக்காதவர். காதுவரை சிவந்துபோய், பேனாவை எடுத்துத் தன் பெயருக்குக் கீழே எழுதப் போனவர், சற்று யோசித்துவிட்டு மேலே எழுதினார். அன்றைக்கே கை நூற்று நாற்பது சீவல்கள் வெட்டியது. ஒன்றும் கிழியவில்லை.

புத்தகம் வந்ததும் அவள் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை புரட்டினார். ஒரு வரிகூடப் புரியவில்லை. மருமகளின் பெயரை மட்டும் நாலு தடவை உரக்க வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, கையில் இருப்பதை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமே என்று அக்கறையாக விசாரித்தாள்.

“எதுக்கு எடுக்கணும்?” என்றார் மாமியார். “எங்க மருமகளுக்கு ரெண்டு மூளை. ரெண்டும் நல்லா வேலை செய்யுது.”