பங்குக் கிணறு

ராஜபாளையத்து ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைக் காட்டிச் சொன்னார்: "ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒண்ணோட ரத்தத்த இன்னொண்ணு இழுத்துக்குது."

பாண்டிதுரைக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்கும் அண்ணன் ஆண்டிச்சாமிக்கும் ஒரே கிணறு. முறை மாற்றிப் பாய்ச்சுவதாகத்தான் பேச்சு. அண்ணன் மோட்டாரை நிறுத்தினால்தானே. அவன் தென்னந்தோப்பில் தண்ணீர் தேங்கி நின்றது, தம்பியின் பருத்தி கருகியது. அதோடு பேச்சும் நின்றது. இன்று பாண்டிதுரையின் மனைவி கனகலட்சுமிக்கு மூச்சு முட்டுகிறது என்றதும் காரை எடுத்து வந்தவனும் அதே அண்ணன்தான். கதவோரம் நின்றிருந்தான்.

"பங்குக் கிணறு மாதிரி," என்றான் பாண்டிதுரை, அண்ணனைப் பார்க்காமல். "அப்ப ரத்தம் குடுக்குற பிள்ளதான் பிழைக்காதா, டாக்டர்?"

"ரெண்டுமே போயிரலாம். அம்புட்டையும் வாங்கிக்கிற பிள்ளைக்கு இருதயம் தாங்காது. மதுரையில லேசர் வச்சு அந்த ரத்தக்குழாய அடைக்கிற டாக்டர் இருக்காரு. இப்பவே கிளம்புங்க."

கனகலட்சுமி வயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்தாள். காரைக் கிளப்பும் முன் ஆண்டிச்சாமி தன் மனைவிக்குப் போன் போட்டான்.

"ஏட்டி, மோட்டார நிறுத்து."

அவள் ஏதோ கேட்டாள்.

"எதுக்குன்னு பொறவு சொல்லுதேன். மொதல்ல நிறுத்து."