ஒண்ணு கழிச்சுக்கோ

தையல்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். அவரோடு தினமும் கடைக்கு நடந்த நாய்க்கு இப்போது மூட்டுவலி. அதுவும் படுத்துவிட்டால் அவர் நடையே வீட்டை விட்டுப் போய்விடும் என்று பயந்த அவர் மனைவி, அதற்கு அக்குபங்சர் பார்த்தாள்.

"தையல்காரர் வீட்டு நாயாச்சே, ஊசிக்கா பயப்படும்?" என்று எதிர்வீட்டு அக்கா தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

கால்நடை மருத்துவர் பிடிகொடுக்கவில்லை. "சில நாய்க்குக் கேக்குதும்மா, ஆனா ஆதாரம் பத்தாது. ஈரக் கால்தடத்துக்கு நடுவுல தூரத்தை அளந்து எழுதுங்க. கூடலைன்னா நிறுத்திடலாம்."

முதல் வாரம் பதினாலு அங்குலம். நாலாம் வாரம் பதினைந்து. அவள் நாயோடும் டேப்போடும் போய் நிமிர்ந்து நின்றாள்.

"இதுல ஒண்ணாம் நம்பரையே காணோமே?" என்றார் மருத்துவர்.

அப்போதுதான் உறைத்தது. முதல் வாரம் அளந்த புது டேப் இந்த முறை கிடைக்காமல், ஆணியில் தொங்கிய கணவரின் பழைய டேப்பை எடுத்திருந்தாள். குட்டியாக இருந்தபோது இதே நாய் அதன் முதல் அங்குலத்தைக் கடித்துத் தின்றிருந்தது. அதற்கப்புறம் யாருக்கு அளவெடுத்தாலும் "ஒண்ணு கழிச்சுக்கோ" என்பார். அவள் கழித்து எழுதுவாள்.

"அப்ப பதினாலேதானா? நிறுத்திடுவீங்களா?"

"வயசான மூட்டு, குறையலையே. ஊசியாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் நாலு வாரம் பாப்போம்."

வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தாள். டேப்பின் கடிபட்ட முனையை நாய் மோந்து பார்த்தது.

"தின்னதை வச்சே ஏமாத்தப் பாத்தியா?" என்று அதன் காதைத் திருகிவிட்டு, அவர் குரலிலேயே சொன்னாள்: "ஒண்ணு கழிச்சுக்கோ."