கரட்டைச் சுற்றி ஒன்பதே கால் மைல்

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம். புங்கம்பாளையத்தில் சென்னிமலையிடம் மட்டும்தான் கூண்டு வண்டி இருந்தது. வெள்ளிதோறும் ஆமணக்கும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் போவான். மற்ற நாட்களில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்து அதே பாதையில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவான். மாடுகளுக்கு வழி அத்துப்படி. அதனால் போகும்போதே அவனுக்குக் கண் செருகிவிடும். வெயிலும் சக்கரத்தின் முனகலும் புழுதி வாசமும் ஒன்றாகக் கலந்து, அரைத் தூக்கத்தில் அந்தப் பாதை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோலத் தெரியும்.

அவனுடைய தங்கை மாரக்காளுக்குப் பிரசவ வலி கண்டு, இரண்டு நாளாகியும் குழந்தை வெளியே வராமல், அவளையும் அந்த வண்டியில்தான் ஏற்றினான். அன்றைக்கு அவன் தூங்கவில்லை.

“அண்ணா, இன்னும் எத்தன தொலவு?” என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

“இதா வந்துட்டோம் சாமி.”

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதையே சொன்னான். ராசிபுரத்துக்கு முன்னால் குறுக்கே கிடந்த பாறைக் குன்றான கரட்டின் மூக்கைச் சுற்றி வண்டி திரும்பும் இடத்தில் அவள் கேட்பது நின்றுபோயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சென்னிமலை பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றான். டீச்சர் சாரதாமணி ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். ஊரில் தப்பில்லாமல் மனு எழுதத் தெரிந்தவள் அவள்தான்.

“டீச்சரம்மா, நம்மூருக்கு ஒரு வைத்தியசாலை வேணும்னு போர்டுக்கு எழுதிப் போடோணுங்க.”

அவள் எழுதினாள். டாக்டருக்கும் மருந்துக்கும் ஜில்லா போர்டு மானியம் தரவேண்டும், கட்டடம் ஊரார் பொறுப்பு என்று இரண்டு பக்கம். பருத்தி வியாபாரி காளியண்ணன் மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கியில் பாதியை விட்டுத்தர ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஐந்து மைலுக்குள் ஆசுபத்திரி இருக்கும் ஊருக்கு மானியம் கிடையாது. வரைபடத்தின்படி புங்கம்பாளையம் நாலே முக்கால் மைலில் இருக்கிறது.

சென்னிமலைக்குப் புரியவில்லை. “நாலே முக்காலா? அந்தப் படத்துல கரடு இருக்குதுங்களா?”

“இருக்கும்ங்கண்ணா. ஆனா அளக்கறவங்க கோல வெச்சு நேரா கோடு போட்டிருப்பாங்க. அது கரட்டு மேலயே போயிரும்.”

“கோடு போவும். என்ற மாடு போவாதுங்களே.”

டீச்சர் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திரும்பப் படித்தாள். பிறகு பள்ளிக்கூடத்து அடிக்கோலையும் ஒரு நீளக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்து வண்டிச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி அளந்தாள். பதினைந்தரை அடி. “சக்கரம் ஒரு தடவ சுத்துனா பதினஞ்சர அடி நகந்திருக்கும். ஆசுபத்திரி வாசல் வரைக்கும் எத்தன சுத்துன்னு மட்டும் எண்ணிட்டு வாங்க. மிச்சத்த நான் கணக்குப் போட்டு எழுதறேன்.”

மறுநாள் விடிந்ததும் சக்கரத்தின் ஒரு ஆரக்காலில் சிவப்புத் துணியைக் கட்டினான் சென்னிமலை. அவன் மனைவி பொன்னாயி பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். துணி மேலே வரும்போதெல்லாம் ஒன்று எண்ண வேண்டும்; நூறானதும் மடியிலிருந்து ஓர் ஆமணக்கு முத்தை எடுத்துச் சொம்பில் போட வேண்டும்.

பொன்னாயி நாற்று நடும்போது பாடுகிறவள். எண்ணுவதும் அவளுக்குப் பாட்டுப்போலவே வந்தது. அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு என்று அவள் குரல் ஏறி இறங்க, சென்னிமலைக்குக் கண் செருகியது. அவன் முன்பு ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போனவர்களெல்லாம் அரைத் தூக்கத்தில் வழிநெடுகத் தெரிந்தார்கள். ஓடைக்கரையில் ஆண்டியின் மகன் பாம்புக்கடியோடு படுத்திருந்தான். கிணற்றுக்குள் விழுந்த செங்கோட்டையன் புளியமரத்தடியில் முனகிக்கொண்டிருந்தார். பிழைத்தவர்களும் பிழைக்காதவர்களும் ஓரமாக ஒதுங்கி நின்று வண்டிக்கு வழிவிட்டார்கள். யார் முகத்திலும் வலி இல்லை. எல்லோரும் பொன்னாயியின் எண்ணிக்கையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று பாட்டு நின்றது. விழித்துப் பார்த்தான். வண்டி கரட்டு மூக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. பொன்னாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

“எண்ணிக்க உட்டுப்போச்சுங்க,” என்றாள். “அவ குரலாட்டமே கேட்டுது.”

அவன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மாடுகள் தாமாகவே நின்று ஓரத்துப் புல்லைக் கடித்தன. வெயில் கரட்டுப் பாறைமேல் வெள்ளையாகக் காய்ந்தது.

“நா அவகிட்ட பொய் சொன்னம் புள்ள,” என்றான் கடைசியில். “வந்துட்டோம் வந்துட்டோம்னே சொன்னேன்.”

“வேற என்னத்தச் சொல்லுவீங்க?” என்றாள் பொன்னாயி. பிறகு சொம்பைக் கவிழ்த்து முத்துக்களை மடியில் கொட்டிக்கொண்டாள். “வண்டியத் திருப்புங்க. நாளைக்கு மொதல்ல இருந்து எண்றேன்.”

அடுத்த நாள் கரட்டு மூக்கு வந்தபோது அவள் கண்ணை மூடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. சென்னிமலையும் தூங்கவில்லை. ஆசுபத்திரி வாசலில் வண்டி நின்றபோது சொம்பில் முப்பத்தொரு முத்து. மேலே ஐம்பது சுற்று. டீச்சர் அன்று சாயங்காலமே கரும்பலகை நிறையப் பெருக்கி வகுத்து ஒன்பதே கால் மைல் என்று எழுதினாள். சுற்றுக் கணக்கையும் கயிற்றின் அளவையும் விவரமாகச் சேர்த்து இரண்டாவது மனு போயிற்று.

மாசியில் தூரத்தைச் சரிபார்க்கப் போர்டு ஓவர்சியர் ஒருவர் வந்தார். ராசிபுரத்திலிருந்து சைக்கிளில் கிளம்பியவர், ஓடை மணலில் அதைத் தள்ளிக்கொண்டு, இரண்டு இடத்தில் முள் குத்தி, உச்சி வெயிலில் ஊருக்குள் நுழைந்தார். பொன்னாயி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

“உங்க சக்கரத்தையும் கயித்தையும் காட்டுங்க பாக்கலாம்,” என்றார் சென்னிமலையிடம்.

காட்டினான். அவர் தன் நாடாவை எடுத்து ஒருமுறை அளந்தார்.

“சரியாத்தான் இருக்கு,” என்றார். “நான் வந்த வழிக்கு இதுவே கொறச்சலோன்னு தோணுது.”

ஆவணியில் உத்தரவு வந்தது. கேட்டதில் பாதிதான். டாக்டர் தினமும் இருக்கமாட்டார். வாரத்தில் மூன்று நாள். படுக்கை கிடையாது. பிரசவத்துக்கென்று ஒரு மருத்துவச்சி, அவளும் அடுத்த வருஷம்தான். டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. சென்னிமலை, “மூணு நாளு இருக்குதுங்களே டீச்சரம்மா,” என்றான்.

கிட்டங்கியை வெள்ளையடித்தார்கள். திங்கட்கிழமை டாக்டர் வந்து உட்கார்ந்தார். மீசை இன்னும் சரியாக முளைக்காதவர். யாரும் உள்ளே போகவில்லை. ஊரே வேலிக்கு வெளியே நின்று சீசாக்களை வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த சென்னிமலை, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

“உங்களுக்கு என்ன?” என்று கேட்டார் டாக்டர்.

“ஒண்ணுமில்லீங்க சாமி. சும்மா வந்தேன்.”

டாக்டர் அவனைப் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம் கட்டி போலத் தட்டுப்பட்டது. “அப்பப்ப குளிர் காய்ச்சல் வருமா? வண்டியோட்டும்போது அசந்து அசந்து வருமா?” என்று கேட்டார். வருஷக்கணக்காக வருவதுதான். அதையெல்லாம் நோய் என்று சென்னிமலை நினைத்ததேயில்லை. சீசாவில் வேளைக்கு எவ்வளவு என்று அடையாளக் காகிதம் ஒட்டி, மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து கொடுத்தனுப்பினார்கள்.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. மூன்றாம் வேளையிலிருந்து மருந்தின் வேகத்தில் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கத் தொடங்கியது. புதன்கிழமை காலையில் வைத்தியசாலை வேலியோரம் நின்றிருந்தான். உலகம் முழுக்க ஒரே இனிய இரைச்சலாக இருந்தது. எதிரில் அதே ஊர்ச் சௌந்திரம், இடுப்பில் காய்ச்சலடிக்கும் பிள்ளையோடு வந்து, வைத்தியசாலையைக் காட்டி அவனிடம் என்னவோ கேட்டாள். உதடு அசைவது தெரிந்தது. சொல் எதுவும் காதில் விழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பலமாகத் தலையை ஆட்டினான். அவள் பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வெள்ளையடித்த வாசலுக்குள் குனிந்து போனாள்.