மாப்பிள்ளை முரண்டு பிடித்த நாள்

மேற்கே வானம் மையாகக் கறுத்துவிட்டது. வெங்காய மூட்டைகள் எல்லாம் டிரெய்லரில் ஏறிவிட்டன. நனைந்தால் அழுகி, ஒரு போகத்து உழைப்பும் குப்பைதான். டிராக்டரோ சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா நின்றது.

அது என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தது. போன வாரம்தான் அதைப் பிரித்துப் போட்டுத் துரு சுரண்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். பக்கத்து வயல்காரர்கள் ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது முரண்டு. காலையில் வீட்டுச் சரிவில் தள்ளிவிட்டுத்தான் கிளப்பினோம். இங்கே வயலில் பொதபொத மண், பின்னால் பாரம் வேறு. தள்ளுகிற பேச்சே இல்லை.

பேட்டரி புதிது, ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தது. அதனால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு என்று தீர்ப்புச் சொல்லி, ஸ்பானரோடு குனிந்தார். அதைக் கழற்றி மாட்டுவதற்குள் மழையே வந்து ஓய்ந்துவிடும். எனக்கு வந்ததே கோபம்!

அதைத் தொடக் கூடாது என்று சொல்லி, முன்விளக்கைப் போடச் சொன்னேன். நன்றாக எரிந்தது. சாவியைத் திருப்பினார், விளக்கு மங்கிச் செத்தது. ஆக, கரண்டு இருக்கிறது, வழியில் எங்கோ சிக்குகிறது. சிக்குகிற இடம் சுடும். அவரை விடாமல் திருப்பச் சொல்லிவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டருக்குப் போகிற ஒயர் சில்லென்று இருந்தது. பேட்டரியிலிருந்து வந்து வண்டியின் உடம்பில் முடுக்கியிருந்த எர்த் ஒயரின் முனையைத் தொட்டதும் கையை உதறினேன்.

“இங்க சுடுதுங்க!”

போல்ட்டைக் கழற்றினார். அடியில் பார்த்தால் வழவழவென்று சிவப்பு. மனுஷன் ஒயர் உட்காரும் இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பெயிண்டைத் தாண்டி இரும்பைத் தொட முடியாமல் கரண்டு தவித்திருக்கிறது.

“ஒரு இடம் விடாம அடிச்சேன்...” என்று பெருமையாக ஆரம்பித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெங்காயத் தாள் அறுக்கிற கத்தியை நீட்டினேன். பானெட் மேல் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கக்கூட என்னை விடாதவர், கத்தியை வைத்துக்கொண்டு தயங்கினார். என் கன்னத்தில் முதல் துளி விழுந்தது.

“சுரண்டுங்க.”

இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினார். ஒயரை வைத்து இறுக முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பியதும், வயலே அதிர உறுமிற்று வண்டி. நான் அந்த மண்ணில் துள்ளிக் குதித்தேன். வெட்கமாவது ஒன்றாவது!

கொட்டகைக்குள் டிரெய்லர் நுழைந்த கையோடு தகரக் கூரையில் மழை கொட்டியது. மூட்டைகளைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்தே இருந்தன. அவர் மட்டும் சீட்டைவிட்டு இறங்கவில்லை. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்று பயம். எட்டி நானே எஞ்சினை நிறுத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பில் உறுமிற்று.

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, எனக்கும்தான்.