பீரோவின் மேல் பன்னிரண்டு நாள்

என் புருஷன் எவேலியோ மாத்திரை போடும் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் அந்த ஈ உட்கார்ந்திருந்தது. பாதி எள் அளவுதான். கண் மட்டும் சிவப்பு. அவன் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினான். நான் தட்டிவிட்டேன். டம்ளர் தரையில் விழுந்து நொறுங்கியது.

"பைத்தியமாடி உனக்கு? ஒரு பொடி ஈ! எலிகூட இல்ல!"

"எலின்னா கண்ணுக்குத் தெரியும். ஓடுனா துரத்தலாம்."

"ஈயைத் துரத்த ஒரு டம்ளர். எலின்னா வீட்டையே இடிச்சிருப்ப போல."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்திருந்தேன், அதை மறைக்கவும் இல்லை. அவன் உடம்பில் வேலை செய்வது அவனுடைய சிறுநீரகம் அல்ல, அவன் அக்கா ஒதாலிஸ் கொடுத்தது. வைத்து ஏழு மாதம் ஆகிறது. வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் காவலையே மாத்திரை போட்டுத் தூங்கவைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி இவனைச் சவப்பெட்டியில் வைத்துவிடும். எங்கள் குடும்ப டாக்டர் யானேலிஸ் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. எனக்கு இப்படித்தான் கேட்டது.

நான் பல் ஆஸ்பத்திரியில் கருவிகளை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்கிறவள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. வெந்நீரையும் குளோரினையும் தவிர வேறு எதையும் நம்பாதவள் என்று மத்தான்சாஸ் ஊரில் எனக்குப் பேர் உண்டு. அப்படிப்பட்டவள் வீட்டில் ஈ வரலாமா?

அன்றைக்கே ஆரம்பித்தேன். மேஜைமேல் இருந்த கொய்யாவையும் மாம்பழத்தையும் கழுவித் துடைத்து மூடிபோட்ட டப்பாவில் வைத்தேன். குப்பைத் தொட்டியைக் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை காலி செய்தேன். பாத்திரம் துடைக்கும் துணியைக் கொதிக்கவைத்து வெயிலில் போட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன். டம்ளரில் கொஞ்சம் வினிகர், அதில் இரண்டு சொட்டு சோப்பு. வாசனைக்கு வந்து குடிக்க இறங்கும் ஈ மூழ்கிவிடும். மறுநாள் காலை எண்ணினேன், முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் ஐம்பது தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.

கொசு மருந்து அடிக்கிற ஆட்கள் புகை இயந்திரத்தோடு தெருவுக்கு வந்தபோது கையைப் பிடிக்காத குறையாக, ஈக்கும் அடிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"அம்மா, இது கொசுவுக்கு. ஈ எங்க கணக்குல வராது," என்றான் அவர்களில் மூத்தவன். "உங்க வீட்ல பழம் எங்கயோ அழுகுது, அதைத் தேடுங்க."

என் வீட்டிலா! வந்த கோபத்தில் பேசாமல் கதவைச் சாத்தினேன். என் வீட்டில் இல்லை என்றால் யார் வீட்டில்? கீழ்வீட்டு ஓர்த்தென்சியா வீட்டில்தான். அவள் அன்னாசித் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்துக் கராப்பினியா என்கிற பானம் செய்கிறவள். முற்றத்தில் மூன்று பெரிய பானை, மேலே சல்லடை மாதிரி ஒரு துணி. போதாதா?

படியிறங்கிப் போனேன். பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன்.

"என் புருஷனைக் கொல்லப் பாக்கறியா?"

"மிக்தாலியா, தங்கம், மெதுவாப் பேசு. முப்பது வருஷமா இந்தப் பானை இங்கதான் இருக்கு. உன் புருஷனே அரைப் பானை குடிச்சிருக்கான்."

"அப்ப அவனுக்கு அவன் கிட்னி இருந்துச்சு!"

அவள் மூன்று பானையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தாள். புளித்த தண்ணீர் முற்றத்துச் சாக்கடைக்குள் போயிற்று. அவள் முகம் போன போக்கைப் பார்த்தும் நான் நகரவில்லை. கடைசிச் சொட்டுவரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன். மறுநாள் சாக்கடை வாயில் ஈ மேகமாக நின்றது. இனிப்பை நானே கொண்டுபோய் அதன் வாயில் ஊட்டியிருக்கிறேன்.

டாக்டர் யானேலிஸ் இரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஈ கடிக்காது, விஷமும் கிடையாது. ஆனா குப்பைல உக்காந்த காலோட வந்து சோத்துல உக்காரும். நமக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இவருக்கு வேணாம்," என்றாள். "சாக்கடை கீழ இருக்கு. ஆனா இங்க படுக்கையறையிலதான் ஜாஸ்தி, கவனிச்சீங்களா? முட்டை ஈயாக எட்டுப் பத்து நாள் போதும். எங்கயோ உள்ளேயே பொரியுது."

படுக்கையறையில் பழம் எது? கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தலையணை உறையைக் கழற்றினேன். எவேலியோ திருட்டுத்தனமாக மாம்பழம் ஒளித்துவைத்திருக்கிறானா என்று அவன் சட்டைப் பைகளைக்கூடத் துழாவினேன்.

"பாக்கெட்ல மாம்பழம் வச்சுக்க நான் என்ன குரங்கா?" என்றான். அவன் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவனுக்குக் குளிர் எடுத்தது. அதற்குள் ஐந்து தடவை கழிவறைக்குப் போயிருந்தான். நெற்றியைத் தொட்டதும் என் கை பின்னால் வந்துவிட்டது. ஒதாலிஸுக்குப் போன் செய்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. செருப்புக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தாள். வண்டிக்குச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் பையை எடுக்க நாற்காலியைப் பீரோவின் பக்கம் இழுத்தேன். எங்கள் பீரோ எவேலியோவின் அப்பா காலத்து மகோகனி மரம், கூரையைத் தொட ஒரு முழம்தான் குறையும். பை அதன் மேல்தான் இருக்கும்.

"நீ ஏறாத! நான் எடுக்கறேன்!" என்று ஒதாலிஸ் கத்தினாள்.

அதற்குள் நான் ஏறிவிட்டேன். பையை இழுத்ததும் முகத்தில் ஏதோ புகை அடித்த மாதிரி இருந்தது. எல்லாம் ஈ. பைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தட்டு. தட்டில் ஆறு வாழைப்பழம், சிவப்பு நாடாவால் கட்டியது. கறுத்துப்போய், தோல் வெடித்து, தேன் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. வடிந்த இடத்தில் வெள்ளைப் புழு நெளிந்தது.

சாங்கோவுக்கு வைத்தது. எனக்குத் தெரியாதா என்ன? இடிக்கும் நெருப்புக்கும் உரிய அந்தச் சாமிக்கு, ஒரு உயிரைக் காப்பாற்றிக் கொடு என்று வேண்டிக்கொண்டு உயரமான இடத்தில் வைப்பார்கள். இங்கே பாதி வீட்டுப் பீரோக்களின் மேல் ஒரு தடவையாவது இருந்திருக்கும். என் வீட்டில் மட்டும் இருந்ததில்லை.

"எப்ப வச்ச?"

"நீ வேலைக்குப் போனப்ப. ஒம்போது நாள் ஆச்சு." அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "மிக்தாலியா, தொடாத. பன்னண்டு நாள் சொல்லியிருக்கேன். இன்னும் மூணே நாள். நடுவுல எடுத்தா என் தம்பி போயிடுவான்."

"எடுக்கலேன்னா போயிடுவான்! பாருடி, புழு!"

"விடுங்கடி ரெண்டு பேரும்," என்று போர்வைக்குள்ளிருந்து எவேலியோ சொன்னான். பல் அடித்துக்கொண்டது. "என் பேர்ல பழம் வச்சிருக்கீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."

நான் தட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். முறையாகப் பனைமரத்தடிக்குக் கொண்டுபோய் விடவேண்டும். சாங்கோ வாழ்கிற மரம் அது. அதுவும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆத்திரம். படியிறங்கித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் வீசினேன். மாடியிலிருந்து ஒதாலிஸ் போட்ட சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள். குடலில் தொற்று, இரத்தத்திலும் கலந்திருக்கலாம் என்றார்கள். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் எண் ஒவ்வொரு காலையும் ஏறியது. ஈயால்தானா என்று கேட்டேன்.

"தண்ணியா இருக்கலாம், கரண்ட் போய்க் கெட்ட சாப்பாடா இருக்கலாம், ஈயாவும் இருக்கலாம்," என்றார் பெரிய டாக்டர். "எது கொண்டுவந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

ஒதாலிஸ் அதே பெஞ்சில் என்னைவிட்டு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் கை அடிக்கடி இடுப்புக்குப் போனது, தழும்பு இருக்கிற இடத்துக்கு. நான் இவளைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னை அப்படியேதான் நினைத்திருப்பாள். யார் சரி என்று எனக்கே நிச்சயமில்லாமல் போனதுதான் பெரிய பயம்.

மூன்றாம் நாள் மதியம் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. மூக்கு எலும்பு தெரிந்தது. நான் நடைபாதைச் சுவரில் நெற்றியை வைத்தேன். இருபத்திரண்டு வருடம் வெந்நீரை நம்பினவள் சாங்கோவிடம் சொன்னேன்: "குப்பைல போட்டது நான். அவன் இல்ல. அவனை விட்டுடு. அதே பீரோ மேல, அதே இடத்துல, ஆறு பழம், பன்னண்டு நாள், நானே வைக்கறேன்."

அன்று மருந்தையும் மாற்றியிருந்தார்கள். மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது. எண் நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. எது காப்பாற்றியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்போதுதான் நான் வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. வைத்தால் மறுபடி ஈ வரும். வைக்காவிட்டால்? பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து ஒதாலிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள், அல்லது அறைவாள் என்று நினைத்தேன்.

"எந்த இடம்னு சொன்ன?"

"எங்க பீரோ மேலன்னு."

"அடிப்பாவி! பனைமரத்தடின்னு சொல்லியிருக்கக் கூடாதா? பழக்கம் இல்லாதவ வாயைத் திறந்தா இப்படித்தான்." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "பீரோ மேலன்னுதானே சொன்ன. பீரோ எந்த வீட்ல நிக்கணும்னு சொல்லலையே?"

பீரோவைத் தூக்க ஆள் வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பலம் ஓர்த்தென்சியாவின் இரண்டு மகன்களுக்குத்தான் உண்டு. அவள் வாசலில் போய் நின்றேன். முற்றத்தில் பானைகள் கவிழ்த்தபடியே காய்ந்து கிடந்தன.

"இன்னும் என்னத்தைக் கொட்டணும்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. தப்பு எம்மேலதான், ஓர்த்தென்சியா. உன் பானைல இல்ல, என் தலைக்கு மேல இருந்துச்சு."

கதையைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பிறகு உள்ளே திரும்பி மகன்களைக் கூப்பிட்டாள்.

பட்டப்பகலில் பீரோ தெருவில் போயிற்று. முன்னால் ஒரு மகன், பின்னால் இன்னொரு மகன், நடுவில் நான் கதவு திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொண்டு. "யாரு செத்தாங்க?" என்று ஒருவன் கேட்டான். "யாரும் சாகக் கூடாதுன்னுதான்," என்றாள் ஒதாலிஸ். அவள் வீட்டில் இறக்கியதும் பழத்தை நானே கழுவி, துடைத்து, நாடா கட்டி மேலே வைத்தேன். கொசுவலை போட்டு மூடலாமா என்று கேட்டேன். காணிக்கைக்கு யாராவது வலை போடுவார்களா என்று திட்டினாள்.

"உன் வீட்ல ஈ வருமே, ஒதாலிஸ். உனக்கும் ஒரு கிட்னிதான்."

"என் உடம்புல காவல் முழிச்சிருக்குடி. நீ உன் வீட்டைப் பாரு."

எவேலியோ வந்ததும் பீரோ நின்ற சுவரில் இருந்த வெளிர் கட்டத்தைப் பார்த்தான். துணியெல்லாம் அட்டைப் பெட்டிகளில் இருந்தது.

"எங்கடி எங்கப்பா பீரோ?"

"அக்கா வீட்ல. பூச்சி அரிச்சிருக்கு, மருந்து போடணும்."

அவன் மாத்திரை போடும்வரை டம்ளரின் வாயை என் உள்ளங்கையால் மூடியிருந்தேன். ஒதாலிஸ் மட்டும் எங்கள் படியேறவில்லை. மாலையில் தெருவில் நின்று, மாடி முகப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பியை அண்ணாந்து பார்த்துச் சாப்பிட்டாயா என்று கத்திவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்.

"அக்காவுக்கு எம்மேல என்ன கோபம்? கொடுத்த கிட்னியைக் கெடுத்துட்டேன்னா?" என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. பாதியில் சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

பதின்மூன்றாம் நாள் விடிந்ததும் ஒதாலிஸ் அந்தக் கறுத்த பழங்களைப் பனைமரத்தடியில் விட்டுவிட்டு, குளித்து, துணி மாற்றிக்கொண்டு எங்கள் படியேறினாள். வாசலில் நின்று பாவாடையை ஓங்கி உதறினாள். திரும்ப ஒரு தடவை உதறினாள். உள்ளே வரப்போனவளை நான் வெளிச்சத்துக்கு இழுத்து, முடியைக் கோதிக் கோதிப் பார்த்தேன். தலையைக் குனிந்து அவள் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு ஈகூட இல்லை. அதன்பிறகுதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.