மணிக்கட்டில் சிவப்புக் கயிறு

என் பட்டறைக்குப் படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் வாய் கிழியப் பேசுவேன். "கயிறைக் கையில மாட்டாம ஓட்டாதே. நீ தண்ணியில விழுந்தா மோட்டார் உனக்காக அழுதுக்கிட்டு நிக்காது, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்" என்பேன். ஊருக்குத்தான் உபதேசம். என் தங்கை புருஷன் விஷயத்தில் நான் செய்தது வேறு.

அந்தக் கயிற்றில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஒரு நுனி ஓட்டுகிறவன் மணிக்கட்டில், மறுநுனியில் இருக்கும் கிளிப் மோட்டாரின் சிவப்பு சுவிட்சில். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், மோட்டார் நின்றுவிடும். மாப்பிள்ளையின் மோட்டார் இருபது வருஷத்துப் பழசு. உப்பு ஏறி சுவிட்ச் கெட்டுப்போய், கிளிப் மாட்டியிருக்கும்போதே நடுத்தண்ணீரில் அணைந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஒரு நாளைக்கு நாலு தடவை நிக்குது. நான் வலையை இழுக்கறதா, இதை இழுக்கறதா?" என்று வந்து நின்றார்.

புது சுவிட்ச் வர ஒரு வாரம் ஆகும். மூடியைத் திறந்து, சுவிட்சுக்குப் போகிற வயரை வெட்டி, நுனியில் மஞ்சள் டேப் சுற்றிவிட்டேன். இனி சுவிட்ச் இருந்தும் இல்லாத கணக்குத்தான். சோக்கை இழுத்துத்தான் மோட்டாரை அணைக்க வேண்டும்.

"உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறு கிடைக்காது. தினமும் கரையில நின்னு கையைப் பார்த்துட்டுத்தான் விடுவா," என்றார். "கயிறை வழக்கம்போல மாட்டிக்கறேன். அவளுக்கு அது போதும்."

இருவரும் சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம். இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

சுவிட்ச் ஆறாம் நாளே வந்துவிட்டது. மாப்பிள்ளைதானே, எங்கே போய்விடப் போகிறார் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். சொந்தக்காரன் வேலை என்றால் எந்த மெக்கானிக்குக்கும் கடைசியில்தான் கை போகும். மூன்று வாரம் ஓடிவிட்டது.

பிறகு ஒரு காலை அலை தூக்கிப் போட்டதில் தனியாகப் போனவர் தண்ணீரில் விழுந்தார். பெட்ரோல் தீரும்வரை படகு அவரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, கைக்கு எட்டவே இல்லை. தூரத்தில் இருந்த படகுக்காரர்கள், வலை விரிக்கத்தான் வட்டமடிக்கிறார் என்று நினைத்தார்களாம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

ஒரு மாதம் கழித்து என் தங்கை அந்த மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்து, ஒண்டியாகத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அதன்மேல் சிவப்புக் கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"கயிறு அவர் கையிலதான் இருந்துச்சுண்ணா. கிளிப்பும் பிடுங்கிட்டு வந்திருக்கு. அப்புறம் ஏன் நிக்கல? இந்தப் பழசை அவருக்கு வித்தவன் ஏதோ ஏமாத்தியிருக்கான். நீ திறந்து பார்த்துச் சொல்லு. நான் அவன் வாசல்ல போய் நின்னு கேக்கறேன்."

"துரு பிடிச்சிருக்கும்மா. விடு."

"திற."

மோட்டாரை என் பக்கமாகத் திருப்பி மூடியைக் கழற்றினேன். மஞ்சள் டேப் நான் சுற்றியபடியே இருந்தது. அதை உரித்துச் சட்டைப்பையில் போட ஒரு நொடி போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். விரல் டேப்பின் மேல் போயும்விட்டது.

"ஏன்ணா அதை உன் பக்கமே திருப்பி வச்சிருக்கே?" என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. "வித்தவர் மேல பழி போடாதே. நான்தான்மா வெட்டினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணுக்காக மட்டும் அவர் கயிறு மாட்டிக்கொண்டதையும் சொன்னேன். கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் கையைத் தூக்கிக் காட்டுவாரு," என்றாள். அப்புறம், "அந்தப் புது சுவிட்ச் எங்க?"

இழுப்பறையிலிருந்து எடுத்தேன். உறைகூடப் பிரிக்கவில்லை.

"மாட்டு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மாட்டினேன். மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஸ்டார்ட்டரை இழுத்ததும் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. தங்கை கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஓரடி, இரண்டடி. கிளிப் பிடுங்கிக்கொண்டது. மோட்டார் நின்றது.

"மறுபடி போடு."

மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது. தொட்டியில் தண்ணீர் தளும்பி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை.

"இதை மாட்ட உனக்கு எவ்வளவு நேரமாச்சுண்ணா?"

"பத்து நிமிஷம்," என்றேன்.